லேவியராகமத்தில் நின்றுபோனவர்களுக்கு

பிப்ரவரி பிறந்தாலே எங்கள் சபைப் பெண்கள் சிலரிடமிருந்து ஒரே மாதிரி பேச்சு வரும். "அக்கா, நாலஞ்சு நாள் விட்டுப்போச்சு. இனிமே எங்கே பிடிக்கிறது? அடுத்த வருஷம் ஆதியாகமத்துல இருந்து ஒழுங்கா ஆரம்பிச்சிடுறேன்." ஒரே வருஷத்தில் வேதாகமத்தை முழுக்க வாசித்து முடிப்பேன் என்று புது வருஷ ஆராதனையில் தீர்மானம் எடுத்தவர்கள் இவர்கள். பேச்சுக்கு எடுத்ததில்லை. முழங்காலில் நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு டூட்டி இல்லாததால் பக்கத்திலேயே இருந்தேன். அதனால்தான் 'அடுத்த வருஷம்' என்று கேட்கும்போது மனசுக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் டிசம்பர் முடிவதற்குள் முடிந்துவிடும். முதல் இரண்டு புத்தகங்களான ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. யோசேப்பு கதை வரைக்கும் யாரும் நிற்பதில்லை. செங்கடலும் தாண்டிவிடுவார்கள். அப்புறம் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதனைக்கு வைத்திருந்த ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், திரைகள், கொக்கிகள், பாதங்கள். அவையே இரண்டாம் முறையும் வரும். ஜனவரி கடைசியில், பலிகளும் சுத்திகரிப்புச் சட்டங்களும் நிறைந்த மூன்றாம் புத்தகம், லேவியராகமம் வந்து நிற்கும். பொங்கல் லீவு முடிந்து, பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கி, கல்யாண வீடுகளும் தொடங்கியிருக்கும். அங்கேதான் நிற்கிறது.

நின்றதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த ஜனவரி 1 வரைக்கும் மூடி வைத்துவிட்டு, திரும்ப 'ஆதியிலே தேவன்' என்று தொடங்குவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அப்படித் தொடங்கித் தொடங்கி, ஆதியாகமத்தின் தாள்கள் மட்டும் ஓரம் கசங்கி, பழைய ஏற்பாட்டின் கடைசிப் பக்கம் இருக்கிற ஆகாயும் சகரியாவும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே ஒட்டிக்கொண்டிருக்கும் வேதாகமங்களை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

என் அம்மாவின் அப்பா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும், அச்சு முடிந்த வெற்றிடத்தில், நீல மையில் 'மு.' என்று போட்டு முடித்த தேதியை எழுதியிருப்பார். யாத்திராகமத்தின் கடைசியில் 3.2.62. இரண்டு தாள் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மை பரவியிருக்கிறது. லேவியராகமத்தின் கடைசியில் 11.8.62. இடையில் ஆறு மாதம். அந்த வருஷம் பாட்டிக்கு நெஞ்சுச் சளி கட்டி, பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார்கள் என்று அம்மா சொல்வார்கள். தாத்தா அதைப்பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆகஸ்டில் விட்ட இடத்தைப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவில் 17.3.64. அடுத்த சுற்று 18.3.64 என்று ஆதியாகமத்தின் தலைப்புக்கு மேலேயே இருக்கிறது. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். அந்தப் புத்தகம் முழுக்க ஜனவரி 1 என்ற தேதியே இல்லை.

அவருக்கும் புது வருஷம் முக்கியம்தான். டிசம்பர் 31 இரவு குடும்பத்தோடு கோயிலில்தான் இருப்பார். ஆனால் வாசிப்பதை அந்த இரவோடு முடிச்சுப் போடவில்லை.

நான் நர்ஸ். டிசம்பர் 31 நைட் டூட்டி எனக்குப் பழகிப்போனது. பன்னிரண்டு மணிக்கு ஊசிக்கோபுரக் கோயில் மணி வார்டு வரைக்கும் கேட்கும். விழித்திருக்கிற நோயாளிகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கூட இருக்கிறவர்கள் கைகுலுக்குவார்கள். நான் சார்ட்டில் புதுத் தேதி எழுதுவேன். ஆனால் டிரிப் அதே பாட்டில்தான். இரண்டு மணி ஊசி இரண்டு மணிக்குத்தான். காலையில் வருகிற சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் புதிதாகத் தொடங்குவதில்லை. எந்த மருந்து விட்டுப்போயிற்று, எது இன்னும் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, கையெழுத்துப் போட்டு, அங்கிருந்து தொடர்கிறாள். ஒரு வேளை மருந்து தவறியதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்பி, மறுபடி அட்மிஷன் போடுகிற வார்டு உலகத்தில் எங்கேயும் கிடையாது. நம்முடைய தீர்மானங்களுக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்கிறோம்?

இதைச் சொன்னால் சிலர் வேதாகமத்தில் பிரசங்கி புத்தகத்தின் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று அங்கே இருக்கிறதே, அதனால் தீர்மானமே வேண்டாம் என்பது அவர்கள் பேச்சு. அந்தப் பயம் நல்ல பயம்தான். ஆனால் மூன்று வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். தேவன் வானத்திலிருக்கிறார், நீ பூமியிலிருக்கிறாய், ஆகையால் உன் வார்த்தைகள் சுருக்கமாயிருப்பதாக என்கிறது. அவசரப்பட்டுப் பெரிய வார்த்தை விடுகிறவனுக்குத்தான் அந்த எச்சரிப்பு. இயேசுவின் சீஷர் பேதுரு அப்படித்தான் பேசினார். எல்லாரும் இடறலடைந்தாலும் நான் ஒருக்காலும் இடறலடையேன் என்றார். அன்று இரவே, சேவல் கூவுவதற்குள், ஆண்டவரை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்தார். அதற்குப் பிறகு கடற்கரையில், கரிநெருப்புக்குப் பக்கத்தில், ஆண்டவர் அவரிடம் கேட்டது அன்பைப் பற்றித்தான். என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று வேலையும் அங்கேயே கையில் கொடுத்தார்.

பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட தானியேலைப் பாருங்கள். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று இருதயத்தில் தீர்மானம்பண்ணினான். கேட்டதோ பத்து நாள். பத்து நாள் எங்களைச் சோதித்துப் பாரும், பருப்பும் தண்ணீரும் போதும் என்றான். அதுவும் தனியாகக் கேட்கவில்லை. மூன்று பேர் கூட இருந்தார்கள். விசாரிப்புக்காரனிடம் பணிவாகப் பேசி அனுமதி வாங்கினான். வருஷம் முழுக்க, வாழ்நாள் முழுக்க என்று எங்கேயும் வாய் விடவில்லை. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதை வைத்துத்தான் நான் பேசினேன்: பத்து நாளைக்கு எடுங்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எடுங்கள், வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேதம் வாசிக்கும் அட்டவணை என்றதும் எனக்கு ராபர்ட் மர்ரே மெக்செயின் நினைவுக்கு வருவார். ஸ்காட்லாந்தில் டண்டீ பட்டணத்துப் பரிசுத்த பேதுரு ஆலயத்தின் போதகர். 1842 டிசம்பர் கடைசியில் தம் சபையாருக்காக ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். நாளுக்கு நான்கு பகுதி. ஜனவரி 1 அன்று ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் என்று நான்கு புத்தகங்களின் முதல் அதிகாரங்கள். பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் வருஷத்துக்குள் முடியும். இன்றைக்கும் உலகமெங்கும் அதை வைத்து வாசிக்கிறார்கள். ஆனால் அட்டவணையைக் கொடுக்கும்போதே அதிலுள்ள ஆபத்துகளையும் எழுதிக் கொடுத்தார் அவர். வெறும் சடங்காகிவிடலாம், நான் இன்றைய பகுதியை முடித்துவிட்டேன் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம் என்றார். தீர்மானம் எடுக்கச் சொல்கிற போதகர்கள் இந்த நான்கையும் அதே மூச்சில் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அந்த அட்டவணையை மெக்செயினே முடிக்கவில்லை. 1843-இன் தொடக்கத்தில் டண்டீயில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. நோயாளிகளைப் பார்க்க வீடு வீடாகப் போனவருக்கும் அது தொற்றியது. மார்ச் 25 அன்று இறந்துபோனார். வயது 29. காய்ச்சல் வார்டில் வேலை பார்க்கிற எனக்கு இந்த இடம் சும்மா கடந்து போவதில்லை. மற்றப் பக்கங்கள் அவர் கையால் டிக் அடிக்கப்படாமல் போயின. அவர் வாசித்து நிறுத்திய இடத்தைக் கணக்கில் வைத்து ஆண்டவர் அவரை எடைபோட்டிருப்பார் என்று என்னால் நினைக்கவே முடியாது.

புது வருஷ ஆராதனையில் வசனம் அச்சிட்டுத் தருகிற வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆராதனை முடிந்ததும் தட்டில் இருந்து எடுத்து, சட்டைப் பையிலும் பர்ஸிலும் வைத்துக்கொள்வோமே, எனக்கும் அது பிடிக்கும். வார்டில் தலையணைக்கு அடியில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறவர்களைப் பார்த்தவள் நான். ஆனால் மெதடிஸ்ட் சபைகளில் வருஷத் தொடக்கத்தில் இன்னொன்றும் செய்கிறார்கள்: உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்டில் லண்டனில் அதை நடத்தியபோது சுமார் 1800 பேர் எழுந்து நின்று சம்மதித்தார்கள். அதில் வருகிற ஜெபத்தின் சாரம் இதுதான்: நான் இனி எனக்குச் சொந்தமில்லை, உமக்குச் சொந்தம், என்னை வேலையில் வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி. அந்தக் கடைசி வார்த்தையை ஜெபிக்கத்தான் எனக்குப் பல நாள் பிடித்தது. ஆண்டவர் இந்த வருஷம் எனக்கு என்ன தருவார் என்று கேட்கிற இரவில், என்னை எப்படியும் வைத்துக்கொள்ளும் என்று சொல்லவும் ஐந்து நிமிஷம் ஒதுக்கலாம் என்று எங்கள் போதகர் ஐயரிடம் கேட்டிருக்கிறேன்.

சரி, லேவியராகமத்துக்கு வருகிறேன். நின்றுபோனவர்கள் தயவுசெய்து ஆதியாகமத்துக்குத் திரும்பாதீர்கள். விட்டுப்போன நாட்களை ஒரே இரவில் வாசித்து ஈடுகட்டவும் பார்க்காதீர்கள். அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்று புலம்பல் புத்தகத்தில் வாசிக்கிறோம். புது வருஷந்தோறும் என்று அங்கே இல்லை. லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் தோல் வியாதியைப் பார்க்கிற ஆசாரியனை என்னோடு சேர்ந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஏழு நாள் தனியே வைத்து, ஏழாம் நாள் வந்து மறுபடி பார்க்கிறான். தெளியாவிட்டால் இன்னும் ஏழு நாள். அவசரப்பட்டு யாரையும் தீட்டு என்று தள்ளிவிடுவதில்லை. 14-இல், குணமானவனைப் பார்க்க ஆசாரியனே பாளயத்துக்கு வெளியே போகிறான். 19-இல், வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிடு என்று இருக்கிறது. அதே அதிகாரத்தில்தான், உன்னைப்போலப் பிறனையும் நேசி என்று நம் ஆண்டவர் எடுத்துச் சொன்ன கட்டளையும் இருக்கிறது. நிறையப் பேர் அதற்கு நாலைந்து நாள் முன்னால் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

இந்த வியாழக்கிழமை சங்கக் கூட்டத்தில் 19-ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசிக்கிறோம். முந்தினதை வாசிக்காதவர்களும் வாருங்கள். முடித்ததும் ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டுக்கொள்ளலாம்.