போட்டிக்கு வந்த காதல் கதைகள்

பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தராக வேலை செய்யும் எனக்கு வருடத்தில் ஒரு பருவம் கதைகளோடுதான் போகும். இலக்கியப் போட்டிக்கு வருகிற கட்டுகளைப் பிரித்து, பெயரை மறைத்து, இலக்கமிட்டு நடுவர்களிடம் கொடுக்கவேண்டும். 2009இல் போர் முடிந்தபிறகு இங்கே வன்னியில் பேனா எடுத்தவர்கள் நெடுங்காலம் இடப்பெயர்வையும் இழப்பையுமே எழுதினார்கள். வேறு எதை எழுதுவது? இப்போது திறந்த பிரிவில் காதல் கூடியிருக்கிறது. அதிலே பெண்ணை விரும்புகிற பெண் வருகிறாள். ஆணென்றோ பெண்ணென்றோ ஒரேயிடத்தில் நிலைக்காத மனங்களும் வருகின்றன.

ஒரு கதை என்னை விடவேயில்லை. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பழகுகிற வளவில் நடக்கிறது. மாதவிக்கு ஆடுவது செல்வம். கூத்து முடிந்து உடுப்பைக் கழற்றிய பின்னும் செல்வத்துக்குள் மாதவி மிச்சமிருக்கிறாள். சில நாள் இருக்கிறாள், சில நாள் இல்லை. மத்தளம் அடிக்கிற பெடியனுக்கு இரண்டு செல்வத்தையும் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் கதை. சாவு இல்லை, ஊரைவிட்டு ஓடுவதும் இல்லை. வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்க் கச்சான் வாங்கிக் கொறித்தபடி இரண்டுபேரும் நடந்து திரிகிறார்கள்.

வேடம் கட்டுகிற எல்லாரும் அப்படி உணர்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் கோபிப்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் ஆண் ஒருவர் மாதவியாக நிற்பதை விடியவிடிய இருந்து பார்த்துப் பழகிய சனம் நாங்கள். இந்தக் கதையை வாசிக்க எங்களால் முடியும்.

நடுவர்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கதையைத் திருப்பித் தந்தார்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா இதை ஏன் காதலாக்கினது? சமூகப் பிரச்சினையா எழுதியிருந்தா ஒண்டும் சொல்லமாட்டம். சட்டமும் இருக்கெல்லோ?”

“சட்டம் கதை எழுதுறதைத் தடுக்கேல்லை சேர்” என்றேன். ஒருபால் உறவைக் குற்றமாக்கப் பயன்படும், இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத்தான் அவர் சொன்னார். 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. ஒருபால் உறவைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அவருடைய முதல் கேள்விதான் எனக்கு வலித்தது. இந்த மனிதர்கள் அழுதால் பரிசு, சிரித்தால் இல்லையா? துன்பத்தை எழுதத்தான் வேண்டும். ஆனால் பதினெட்டு வயதில் தன்னைப்பற்றித் தேடி வாசிக்கிற பிள்ளைக்குக் கிடைப்பதெல்லாம் அடியும் அவமானமும் என்றால், அந்தப் பிள்ளை தன் நாளைகளையும் அப்படித்தானே நினைக்கும்? காதல் கதை வாசிக்கிற எல்லாரும் தேடுகிற சின்னச் சந்தோஷம் இவர்களுக்கும் வேண்டும்.

வந்த கதைகளில் குறையும் உண்டு. ஆணை விரும்புகிற ஆண் என்றால் அவன் பெண்ணாக மாற ஆசைப்படுகிறான் என்று எழுதிவிடுகிறார்கள். யாரில் விருப்பம் என்பது ஒன்று, தன்னை யாராக உணர்கிறோம் என்பது இன்னொன்று. இதைத் தெளிவாகப் பிடித்தது செல்வத்தின் கதைதான். எங்கள் கட்டடத்திலேயே பதிவாளர் பிரிவு இருக்கிறது. 2016 முதல் உளநல மருத்துவர் தருகிற பால்நிலை அங்கீகாரச் சான்றிதழோடு பிறப்புப் பதிவில் பாலைத் திருத்தலாம். பலருக்கு அது பெரிய விடிவு. ஆனால் ஆணிலிருந்து பெண்ணுக்கு, பெண்ணிலிருந்து ஆணுக்கு என்று மட்டுமே மாற்றலாம். சில நாள் மாதவியாக இருக்கிற செல்வத்துக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

செல்வத்தின் கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதை எழுதிய பிள்ளை பிரதியை எடுக்க வந்தபோது கனநேரம் கதைத்தேன். மத்தளகாரனுக்கு ஒரு வீடு, ஒரு தாய், பகலில் ஒரு தொழில் வேண்டும். அவன் செல்வத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை மட்டும் எழுதினால் போதாது என்றேன். “அவன்ர அம்மாவை எழுதப் பயமா இருக்கு மிஸ்” என்றது பிள்ளை. அந்தப் பயத்தோடேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். திருத்தி வந்ததும் பிரதேச மலரில் சேர்க்கும்படி மலர்க்குழுவிடம் எழுத்தில் கேட்கப்போகிறேன்.