கொழுந்து குறைந்த மாதத்தில் வகுப்பு, கொழுந்து குவியும் மாதத்தில் ஆடிட்

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துத் தேயிலை பேக்டரிகளுக்கு, அவர்கள் ஆட்களையே ஆடிட் செய்யப் பழக்கும் உள் தணிக்கைப் பயிற்சி என்றாலே பெரும்பாலும் ஒரே அச்சுதான். ஒரு ஹோட்டல் ஹால், இரண்டு நாள், ஐ.எஸ்.ஓ. 22000 என்ற உணவுப் பாதுகாப்புத் தரநிலையின் பிரிவுகளை வரிசையாக வாசிக்கும் ஸ்லைடுகள், கடைசியில் ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ தேர்வு, வந்தவர்கள் எல்லோருக்கும் சான்றிதழ். அடுத்த வாரம் அவர்களில் ஒருவர் நோட்டும் கையுமாக இலையை ரோலரில் நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. அறையில் போய் நின்றால் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாது. பழைய செக்லிஸ்ட்டில் டிக் போட்டுவிட்டு வந்துவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பயிற்சியைத் திட்டமிட்ட விதம் அப்படி.

திட்டமிட உட்காரும்போது முதலில் மேஜைமேல் வைக்க வேண்டியது, பயிற்சி முடித்தவர் எழுத வேண்டிய ஆடிட் ரிப்போர்ட்டின் மாதிரி. அதில் ஒவ்வொரு வரியையும் எழுத என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போனால் பாடத்திட்டம் கிடைத்துவிடும். தணிக்கைக்கு வழிகாட்டும் ஐ.எஸ்.ஓ. 19011-ன் 2018 பதிப்பில் ஏழாம் பிரிவு முழுக்கத் தணிக்கையாளரின் திறமை பற்றியதுதான். அதைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மூன்று நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 18 மணி. தரநிலையின் பிரிவுகளுக்கு 4 மணி போதும். புத்தகம் கையில் இருக்கிறது, எங்கே தேடுவது என்று தெரிந்தால் சரி. திட்டமிடலும் மாதிரி எடுப்பதும் 3 மணி, ஆட்களிடம் பேசுவது 3 மணி, தொடக்கக் கூட்டமும் முடிவுக் கூட்டமும் 2 மணி. மீதி 6 மணியும் சான்று தேடுவதற்கும் குறை (தணிக்கையில் கண்ட விதிமீறல்) எழுதுவதற்கும்தான். இந்த ஆறில் கை வைத்துப் பிரிவு வாசிப்புக்குக் கொடுக்கச் சொல்லி எப்போதும் நெருக்கடி வரும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

சான்று தேடும் பயிற்சிக்கு ஒரு கட்டு ரெஜிஸ்டர் நகல்களைத் தயாரித்து, வேண்டுமென்றே தவறுகளைப் புதைத்து வையுங்கள். முதல் தவறு கணக்கில் இருக்கட்டும். ஒரு நாளில் 10,000 கிலோ கொழுந்து வரவு, 2,900 கிலோ தூள் உற்பத்தி என்று பதிவு. கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ட்ரையரிலிருந்து வரும் தூளில் சுமார் 3% ஈரம்தான். அதனால் நூறு கிலோ கொழுந்துக்கு 22 முதல் 25 கிலோ தூள் கிடைப்பதுதான் வழக்கம். 29 என்றால் பதிவில் ஏறாத கொழுந்து வந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய நாள் வாடலில் (ஈரம் குறையத் தொட்டியில் பரப்பி வைப்பதில்) இருந்தது இன்றைய கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது வேறு இடத்துத் தூள் கலந்திருக்க வேண்டும். மூன்றில் எது என்று கண்டுபிடிக்க அடுத்து எந்த ரெஜிஸ்டரைக் கேட்பார்கள் என்பதுதான் பயிற்சி. “கணக்கு தப்பு” என்று எழுதிவிட்டு நிறுத்துபவருக்குப் பாதி மதிப்பெண் கூடக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, காந்தப் பதிவு. சி.டி.சி. ரோலர் பல் தேயத் தேய இரும்புத்தூள் டீத்தூளில் சேரும். அதைப் பிடிக்கத்தான் கன்வேயர் மேல் காந்தம். முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, தினமும் “40 கிராம்” என்று ஒரு தாள் வையுங்கள். மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டரில் அதே மாதம் நடுவில் ரோலர் மாற்றியதாக ஒரு வரி இருக்கட்டும். ரோலர் மாறிய பிறகும் கிராம் மாறவில்லை என்றால் யாரும் எடை போடவில்லை. தாளைத் தனியாகப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைப்பவருக்குத்தான் பிடிபடும். மூன்றாவதாக, கொழுந்து நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசின் எடையளவு முத்திரை காலாவதியான நகல். இது எளிது. சோர்ந்துபோனவர்களுக்குத் தெம்பு வர ஒன்றிரண்டு இப்படியும் வேண்டும்.

குறை எழுதுவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். “காந்தம் சரியாகச் சுத்தம் செய்யப்படுவதில்லை” என்பது குறை இல்லை, புகார். அதை இப்படி எழுத வைக்க வேண்டும்: “காந்தத்தை ஷிப்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்து பதிய வேண்டும் என்கிறது பேக்டரியின் நடைமுறை. பிப்ரவரி 12 முதல் 18 வரை இரவு ஷிப்டுக்குரிய ஏழு பதிவுகளில் நான்கு இல்லை. மூன்றாம் கன்வேயர்.” என்ன வேண்டும், என்ன பார்த்தோம், எங்கே எப்போது எத்தனையில் எத்தனை. ‘சரியாக’, ‘முறையாக’, ‘போதுமான’ என்ற மூன்று சொற்களையும் மூன்று நாளும் தடை செய்துவிட்டால் எழுத்து தானாகத் திருந்தும். காரணத்தையும் தீர்வையும் குறைக்குள் நுழைக்கவும் விடாதீர்கள். ஒவ்வொருவரும் ஆறு குறையாவது எழுதி, பக்கத்தில் இருப்பவர் திருத்தி, மறுபடி எழுத வேண்டும். ஒரு பேட்சில் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் இது நடக்காது.

பேசும் பயிற்சிக்கு நடிப்புதான் வழி. ட்ரையர் ஆபரேட்டராக உண்மையான ஆபரேட்டர் ஒருவரையே உட்கார வையுங்கள். பயிற்சியாளர் நடித்தால் பதில் மிகவும் நேர்த்தியாகிவிடும். “வெப்பநிலையைச் சரியா பார்க்கறீங்களாண்ணா?” என்று கேட்டால் யாரும் “பார்க்கறேன்” என்றுதான் சொல்வார். “மீட்டர்ல இப்ப எவ்வளவு காட்டுதுண்ணா? குறைஞ்சா முதல்ல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்கப் பழக்குங்கள். பல பேக்டரிகளில் இப்போது வடமாநிலத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். சூப்பர்வைசரே மொழிபெயர்த்தால் சூப்பர்வைசரின் பதில்தான் கிடைக்கும். மொழி தெரிந்த வேறொருவரை வைப்பது, செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பது இரண்டையும் பாடத்தில் சேர்க்க வேண்டும்.

இனி நாள் குறிப்பது. ஜனவரி, பிப்ரவரியில் பனியும் வறட்சியும் சேர்ந்து கொழுந்து குறையும். பேக்டரி ஆட்களை அனுப்பத் தயங்காது. அதனால் எல்லோரும் முழுப் பயிற்சியையும் அப்போதே முடித்துவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால் அந்த மாதங்களில் வாடல் தொட்டி பாதி காலியாக இருக்கும், தரை பளிச்சென்று இருக்கும், எல்லாம் ஒழுங்காக நடக்கும். தவறு நடப்பதெல்லாம் ஏப்ரல் கடைசியிலிருந்து கொழுந்து குவியும்போது: தொட்டியில் அளவுக்கு மேல் கொட்டுவது, வாடல் முடியும் முன்பே ரோலருக்கு அனுப்புவது, பதிவுகளை மறுநாள் உட்கார்ந்து நிரப்புவது. ஆகவே வகுப்பு பிப்ரவரியில், பயிற்சி ஆடிட் மே அல்லது ஜூனில். இடையில் மறந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். அதற்கு ஏப்ரலில் அரை நாள் நினைவூட்டல் போதும்.

மே மாதம் என்றால் சீசன் கூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். கோவையிலிருந்து பயிற்சியாளர் வண்டியில் வருவதானால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். 2024 மே முதல் இது நடைமுறையில் இருக்கிறது. மழைக்காலத்தில் வைத்தால் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும் நாளுக்கென்று மாற்றுத் தேதி ஒன்று கையில் இருக்கட்டும். பந்தலூர்க்காரரைக் கோத்தகிரிக்கு வரச் சொன்னால் பயணத்திலேயே நாள் போய்விடும், கூடலூர் பக்கத்துக்குத் தனி பேட்ச் போடுவதே நல்லது. பயிற்சிப் பையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைக்காதீர்கள். மாவட்டத்தில் தடை இருக்கும்போது ஆடிட்டர்களே அதைத் தூக்கிக்கொண்டு பேக்டரிக்குள் போனால் நன்றாகவா இருக்கும்?

பயிற்சி ஆடிட்டைக் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடித்தால் பேக்டரியின் பாதியைப் பார்க்கவே முடியாது. கொழுந்து லாரி வந்து இறங்குவது பெரும்பாலும் மாலையில். மழை நாளில் ஈரத்துக்காக எடை கழிப்பதும் அங்கேதான். எந்த அடிப்படையில் கழிக்கிறார்கள் என்பது சிறு விவசாயிகளின் பெரிய மனக்குறை, ஆகவே நல்ல ஆடிட் கேள்வி. ஒரு நாள் மாலை நான்கிலிருந்து எட்டு, மறுநாள் காலை ஏழிலிருந்து பதினொன்று என்று பிரித்துவிடுங்கள். மூன்று பேர் ஒரு குழு. ரோலர் சத்தத்தில் நான்காவது ஆளுக்கு எதுவும் கேட்காது. மப்ளர், சால்வை, தொங்கும் ஐடி கார்டு எல்லாம் வாசலிலேயே கழற்ற வேண்டும். குளிருக்குச் சுற்றிய மப்ளர் ரோலர் பக்கம் எவ்வளவு ஆபத்து என்பதை வகுப்பிலேயே சொல்லி அனுப்புங்கள்.

தான் வேலை செய்யும் பிரிவைத் தானே ஆடிட் செய்யக்கூடாது என்பதால் பேக்டரி மாற்றி அனுப்புவார்கள். பக்கத்து பேக்டரி போட்டியாளரும்கூட. கொழுந்து ஏஜென்ட் பட்டியல், கொழுந்து விலை, தூள் வாங்குபவர் பெயர் மூன்றும் ஆடிட்டின் எல்லைக்கு வெளியே என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் மேனேஜர் கதவையே திறக்கமாட்டார்.

மதிப்பெண்ணில் 60 ரிப்போர்ட்டுக்கும் களத்துக்கும், 25 புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுக்கு, 15 கூட்டம் நடத்தியதற்கு. சான்று இல்லாமல் ஒரு குறை எழுதியிருந்தாலும் ரிப்போர்ட் திரும்ப வர வேண்டும். ஒரே ஐந்து ரிப்போர்ட்டுகளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்திப் பாருங்கள். பத்து மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் உங்கள் திருத்தும் விதிதான் தெளிவில்லை.

கன்சல்டன்ட் ஆக விரும்புபவர்களுக்கு இதற்கு மேல் தனியாக ஒரு நாள் வேண்டும். ஆடிட்டர் தீர்வு சொல்லக்கூடாது. கன்சல்டன்ட்டுக்கு அதுதான் வேலை. அதே காந்தக் குறையைக் கொடுத்து, காரணம் என்ன, யார் செய்வது, எவ்வளவு செலவு, இரவு ஷிப்டில் ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து பேக்டரி பெயரைக்கூட மாற்றாமல் மேனுவலை ஒட்டிக் கொடுக்கும் பழக்கத்துக்கு இதுதான் மருந்து. சான்றளிக்கும் நிறுவனங்களுக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 17021-1 சொல்வதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்: ஓர் இடத்துக்கு ஆலோசனை கொடுத்தவரைச் சான்றளிக்கும் நிறுவனம் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அங்கே தணிக்கைக்குப் பயன்படுத்தக்கூடாது.

வகுப்புக்கு வந்ததற்கு வருகைச் சான்றிதழ் மட்டும் போதும். திறமைச் சான்றிதழை ரிப்போர்ட் தேறிய பிறகே கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் எழுதிய ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கி, எத்தனை குறை எழுதினார் என்று எண்ணாமல், சரிசெய்தாயிற்று என்று மூடிய குறைகளில் எத்தனைக்கு மூடியதற்கான சான்று இணைத்திருக்கிறார் என்று பாருங்கள்.