பேட்டரி இல்லாத ரேடியோ: மூன்று வாரக் குறிப்பு

தங்கை மகள் படிக்கும் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில், கண்ணாடி அலமாரிக்குள் ஒரு மரப்பலகை. அதன் மேல் பளபளக்கும் கறுப்புக் கல் துண்டு ஒன்று, கல்லைத் தொட்டபடி ஒரு மெல்லிய கம்பி. 'கிரிஸ்டல் டிடெக்டர்' என்று சீட்டு ஒட்டியிருந்தது, அதாவது ரேடியோ அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் கல். வால்வு ரேடியோ வாங்கக் காசில்லாதவர்கள் 1920-களில் இப்படித்தான் கேட்டார்கள். கலீனா என்ற ஈயத் தாதுவை வைத்து மின்னலைகளைப் பிடிக்கலாம் என்று காப்புரிமை வாங்கியவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். அமெரிக்காவில் 1904-ல் கிடைத்தது.

சென்னையில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927-ல் பணமில்லாமல் நின்றது. சாதனங்கள் மாநகராட்சியின் கைக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மறுபடி ஒலித்தது. அந்த நாட்களில் ஒரு மாணவன் காதில் என்ன விழுந்திருக்கும்? செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் வாரம். ரிச்சி தெருவில் 26 கேஜ் எனாமல் கம்பியும் நிலையம் மாற்றத் திருப்பும் பழைய கேங் கண்டென்சரும் கிடைத்தன. கலீனாவை ஆன்லைனில் வாங்கினேன். 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் கம்பியை 80 சுற்று சுற்றினேன், இதுதான் காயில். கேங்கைக் கடைசி வரை திருப்பியும் சென்னை 'ஏ' வானொலி நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் வரவில்லை. சுற்று அதிகம். 20 சுற்றைப் பிரித்தேன். பிரிக்கும்போது கம்பி சிக்கியது, அதற்கே ஒரு ஞாயிறு போனது.

அப்போதும் மௌனம்தான். மொட்டை மாடியில் அலையைப் பிடிக்க 20 மீட்டர் ஏரியல் கம்பி கட்டியிருக்கிறேன், மண்ணோடு இணைக்கும் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருக்கிறேன், வேறென்ன வேண்டும்? இரண்டு நாள் யோசித்த பிறகுதான் உறைத்தது: தாத்தா காலத்தில் இரும்புக் குழாய், இது பிளாஸ்டிக் குழாய்! தென்னை மரத்தடியில் இரும்புக் கம்பி அடித்து, நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். கல்லுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் இன்றைய டயோடு வைத்துச் சோதித்ததும் ஹெட்போனில் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல். சாதாரண ஹெட்போன் இதற்கு உதவாது. பழைய சாமான் கடையில் 2,000 ஓம் மின்தடை உள்ள ஹெட்போன் ஒன்றை முன்பே தேடிப் பிடித்திருந்தேன்.

டயோடு ஏமாற்று வேலை என்று மனசு குத்தியது. எடுத்துவிட்டுக் கல்லை மாட்டினேன். கல்லைத் தொடும் கம்பிக்குப் பூனை மீசை என்று பெயர். அதற்கு அக்காவின் பழைய வீணைத் தந்தியில் ஒரு துண்டு. இதுதான் முழுப் பாடு. கல்லின் எல்லா இடமும் வேலை செய்யாது. எங்கே கேட்கும் என்று அந்தக் கம்பியின் முனையால் தேட வேண்டும். அழுத்தினால் கேட்காது, தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். 40 நிமிடம் தேடி ஒரு புள்ளி கிடைத்தது. மாலைச் செய்தி தெளிவாக வந்தது. "செய்திகள், வாசிப்பது..." என்றதும் யாரோ கதவைச் சாத்தினார்கள். கம்பி நகர்ந்தது. வாசித்தவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்புறம் எல்லோரும் மெதுவாக நடக்க ஆரம்பித்துவிட்டார்கள், கொஞ்சம் கோபத்தோடு. ஒருவர் காதில் மாட்டினால் மற்றவர்கள் சும்மா உட்கார வேண்டியதுதான். அந்தக் காலத்தில் ஹெட்போனைப் பெரிய கிண்ணத்துக்குள் போட்டுச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். அதையும் பார்த்துவிடுவோம் என்று எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தேன். ஒன்றுமில்லை. வெண்கல உருளியில் வைத்ததும் குனிந்தால் கேட்கிற அளவு வந்தது. அம்மா ஐந்து நிமிடம் கேட்டாள். "கொசு கல்யாணி பாடற மாதிரி இருக்குடா" என்றாள். ராகம் கல்யாணியேதான். அது எனக்குப் போதும்.

1930-களில் மாநகராட்சி மெரினாவில் ஒலிபெருக்கி வைத்தது ஏன் என்று இப்போது புரிகிறது.

மூன்றாம் வாரம் இன்னும் முடியவில்லை. 720-க்குப் பின்னால் இன்னொரு நிலையம் முனகுகிறது. காயிலில் பத்தாம் சுற்றிலிருந்து ஒரு இணைப்பு எடுத்துப் பார்க்க வேண்டும். அம்மா உருளியைத் திருப்பிக் கேட்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பாயசமாம்.