அதே மூலை, அதே சுருக்கம்: லேப்டாப் மூடிக்குப் பெயின்ட் அடித்த கதை

மூன்றாவது தடவையும் அந்த மூலை சுருங்கிவிட்டது. மூடியின் மற்ற இடமெல்லாம் குறை சொல்ல முடியாத ப்ரைமர், அதாவது நிறத்துக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு. கீலுக்குப் பக்கத்து இடது மூலையில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனி மாதிரி சுருக்கம். அடித்து முடித்ததும் ஒன்றும் தெரியாது. நம்பி நகர்ந்துவிடுவேன். பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் அங்கே மட்டும் தோல் நெளிந்து கிடக்கும்.

மூடியில் முன்பு இருந்தது தொட்டால் மெத்தென்று இருக்குமே, அந்த ரப்பர் பூச்சு. பாலியூரிதேன். காற்றின் ஈரமும் கை எண்ணெயும் வருஷக்கணக்கில் சேர்ந்து அதைச் சிதைத்து, கடைசியில் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்துவிடும். 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பனியன் துணியை நனைத்துத் தேய்த்தால் கருப்பு அழுக்காகத் திரண்டு வந்துவிடும். கை வலிக்கும், அவ்வளவுதான். அவசரப்பட்டு அசிட்டோனை எடுத்துவிடாதீர்கள், அடியில் இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கே இளகிவிடும். திரையைக் கழற்றியது, பேட்டரி ஒயரைப் பிரித்தது எல்லாம் வழக்கமான வேலை, விட்டுவிடுகிறேன்.

முதல் தடவை சுருங்கியபோது பழியை என் மேலேயே போட்டுக்கொண்டேன். அடுத்த கோட் ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் 48 மணி நேரம் கழித்து என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. நான் மூன்று மணி நேரத்தில் அடித்தேன். பாதி காய்ந்த பெயின்ட் மேல் ஈரப் பெயின்ட் விழுந்தால், புது தின்னர் உள்ளே இறங்கிப் பழையதை ஊதவைக்கும் என்பது தெரிந்த விஷயம்தானே. ஆனால் அப்படியென்றால் மூடி முழுக்க அல்லவா சுருங்கியிருக்க வேண்டும்? இந்தக் கேள்வி அன்றைக்கே வந்திருந்தால் இரண்டு ஸ்ப்ரே டப்பா மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது தடவை இரண்டு நாள் முழுசாகக் காத்திருந்தேன். அதே மூலை. சரி, ரப்பர் பிசுக்கு மிச்சம் இருக்கிறது என்று முடிவு கட்டி, அந்த இடத்தை மட்டும் ஆல்கஹாலால் போட்டுத் தேய்த்தேன். பக்கத்தில் இருந்த நல்ல அக்ரிலிக் ப்ரைமரும் இளகி, துணியோடு வந்துவிட்டது. மூன்றாவது தடவை, மூடி முழுக்க மறுபடி 400 நம்பர் உப்புத்தாளில் (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்) இழைத்து, தூறல் மாதிரி இரண்டு கோட் விட்டேன். தாங்கியது. மூன்றாவது கோட்டைக் கொஞ்சம் ஈரமாக அடித்ததும் சுருக்கம் வந்துவிட்டது.

கோபத்தில் அந்த மூலையை மட்டும் ப்ரைமர் போகும்வரை இழைத்துவிட்டு, டார்ச்சைப் படுக்கவைத்து வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. சாம்பல் நிற ப்ரைமர் வளையம், அதற்குள் மங்கின கருப்பில் பிளாஸ்டிக், நடுவில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு தீவு. அதுவும் கருப்புதான், ஆனால் பளபளக்கிற கருப்பு.

நான் வைத்ததுதான் அது. மூன்று வருஷம் முன்னால் லேப்டாப் கீழே விழுந்து அந்த மூலையில் ஒரு சின்னப் பள்ளம். இரும்புக் கதவுக்கு அடித்து மிஞ்சிய கருப்பு எனாமலைத் தீக்குச்சி முனையில் தொட்டு அதை மறைத்தேன். மறைத்ததையே மறந்தும் போனேன்.

எண்ணெய் எனாமல் காய்வது ஆக்சிஜனோடு சேர்ந்து. காய்ந்தபின் ஆல்கஹாலுக்கு அசையாது, அதனால் ரப்பர் பூச்சோடு போகவில்லை. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி இழைத்தேன், கட்டை பள்ளத்தின் மேலே தாவிப் போய்விட்டது. கருப்பு மேல் கருப்பு, கண்ணுக்கும் படவில்லை. ஆனால் ஸ்ப்ரேயில் இருக்கும் காரமான தின்னர் பட்டால் எனாமல் ஊதும். அடிப்பக்கம் பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருக்கிறது, பக்கவாட்டில் விரிய இடமில்லை, மேலே எழும்பி மடிகிறது. எனாமல் மேல் லாக்கர், அதாவது இந்த மாதிரி காரமான தின்னர் கலந்த பெயின்ட், அடிக்காதே என்று மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவன் நான்.

உப்புத்தாளை மூட்டைகட்டிவிட்டு பிளேடை எடுத்தேன். வெட்டுகிற மாதிரி பிடிக்கக் கூடாது. செங்குத்தாக நிறுத்தி, விரலால் லேசாக வளைத்து, நம் பக்கமாக இழுக்க வேண்டும். எனாமல் பளபளக்கிற சில்லுகளாக உடைந்து வரும். பிளாஸ்டிக்கைத் தொட்டதும் மங்கலான சுருள் வர ஆரம்பிக்கும், கையில் சத்தமும் மாறும். அதோடு நிறுத்திவிட வேண்டும். இந்தக் கட்டைவிரல் அகலத்துக்கே முக்கால் மணி நேரம் ஆனது. மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

பட்டி பார்க்க யோசித்தேன். பள்ளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, அதற்கு எதற்கு? சூப்பர் க்ளூ ஒரு சொட்டு, மேலே சமையல் சோடா. உடனே இறுகிவிடும், ஒரு மணி நேரத்துக்குள் இழைத்துவிட வேண்டும். மறுநாளைக்கு விட்டால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகி, தாள் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டு இதை மேடாக விட்டுவைக்கும்.

தாள் விஷயத்தில் ஒரு புலம்பல். இந்தத் தடவை வாங்கிய மலிவு 800 வாட்டர் பேப்பரில் எங்கோ ஒரு முரட்டு மணல். அந்த ஒரு மணல் இழுத்த கோட்டைப் போக்க மறுபடி 600-க்குத் திரும்பினேன். பெயின்ட் மலிவாக வாங்கினாலும் சமாளிக்கலாம், தாளில் கஞ்சத்தனம் கூடாது. கார் பெயின்ட் வேலைக்குச் சாமான் விற்பவர்களிடம் தனித்தனித் தாளாகவே கிடைக்கிறது.

நாலாவது ப்ரைமர் அடித்து இன்றோடு நாலு நாள். டப்பாவைக் கை பொறுக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, பத்து நிமிஷ இடைவெளியில் மூன்று மெல்லிய கோட், கடைசியில் ஒரு ஈரக் கோட். சுருக்கம் இல்லை! பள்ளம் மிச்சமிருந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று மேலே கருப்பைத் தூறலாகத் தூவி 1000-ல் ஈரமாக இழைத்தேன், கருப்பு எங்கும் தங்கவில்லை. பள்ளம் இருந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நிறம் இன்னும் அடிக்கவில்லை. மெட்டாலிக் சாம்பல்தான் ஆசை. ஆனால் வைஃபை ஆன்டெனா இந்த மூடிக்குள்தான் திரையின் மேல் விளிம்பில் ஓடுகிறது. அலுமினியத் துகளை அதன் மேல் பூசிவிட்டு அப்புறம் சிக்னல் தேட மனசில்லை, சாதா சாம்பலே போதும். நிறத்துக்கு மேலே காப்பாக அடிக்கும் கண்ணாடி மாதிரியான கிளியர் கோட்தான் குழப்பம். சாதா அக்ரிலிக் கிளியர் என்றால் சானிடைசர் கை பட்டாலே இளகும். ஹார்டனர் கலந்த டூ-கே தாங்கும், ஆனால் அதில் ஐசோசயனேட், நுரையீரலுக்கு ஆபத்தான ரசாயனம். சரியான மூச்சுக்கவசம் இல்லாமல் அதைத் தொடமாட்டேன். மூச்சுக்கவசம் வரும்வரை பாம்ரெஸ்டை, அதாவது கீபோர்டுக்கு முன்னால் கை வைக்கும் பகுதியை, கழற்றி இழைக்கலாம் என்று நேற்று எடுத்து வைத்தேன்.

எடுத்ததும் ஒரு சந்தேகம். அன்றைக்கு அதே தீக்குச்சியோடு இதையும் தொட்டிருப்பேனோ? டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். முன்விளிம்பில் பளபளவென்று இரண்டு புள்ளி. பிளேடைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.