வேலையை விட்டுச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது பணத்தைச் சமாளித்த விதம்

மதுரையில் அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்பில் 2022-இல் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. அதற்கு முன் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்திருந்தேன். தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் இந்தப் படிப்புக்கு உச்ச வயது வரம்போ நுழைவுத் தேர்வோ கிடையாது. பட்டப்படிப்பில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்தே இடம் கொடுக்கிறார்கள். கட்டணம் மிகக் குறைவு என்பதால் அது எங்களுக்குச் சுமையாகவே இல்லை. மூன்று ஆண்டுகள் என் சம்பளம் நின்றுபோவதுதான் பெரும் சுமையாக இருந்தது.

வேலையில் இருந்துகொண்டே படிக்கலாமே என்று பலரும் சொன்னார்கள். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி. பகல் வேலையில் இருப்பவரால் அதை நேர்மையாக நிறைவேற்ற முடியாது. மாணவர் வேறு வேலையில் இருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் சுற்றறிக்கையும் அனுப்பியது.

முதலில் வங்கியில் கல்விக் கடன் பற்றி விசாரித்தேன். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடன் கட்டணம், விடுதி, புத்தகம் போன்ற படிப்புச் செலவுகளுக்கு மட்டுமே கிடைக்கும். வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் கிடைக்காது. சுயநிதிக் கல்லூரியில் சேர்பவருக்கு அது பெரிய உதவி. எனக்குப் பயன்படவில்லை.

கைகொடுத்தது, வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடைதான் (கிராஜுவிட்டி). ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு, ஓராண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட்டுத் தருகிறார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு அது ஏறத்தாழ ஐந்து மாத அடிப்படைச் சம்பளம் ஆகும். நான்கரை ஆண்டுகளில் வேலையை விட நினைப்பவர்கள், இயன்றால் ஐந்தாம் ஆண்டு முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது. பி.எஃப். பணத்தையும் எடுத்துவிடும்படி உறவினர்கள் வற்புறுத்தினார்கள், நான் எடுக்கவில்லை. புதிதாகப் பணம் சேராவிட்டாலும் அந்தக் கணக்குக்கு வட்டி வருகிறது. 2023-24-க்கு அது 8.25 சதவீதம். அதைவிட முக்கியமாக, பி.எஃப்.-ஓடு சேர்ந்த ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி தேவை என்பதால், ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் உழைத்த ஒன்பது ஆண்டுகளும் அந்தப் பத்தாண்டுக் கணக்கில் சேராமல் போய்விடும்.

எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது வேலையை விடுவதற்கு முந்தைய ஓராண்டு. அந்த ஆண்டு முழுவதும் கணவரின் சம்பளத்தில் மட்டுமே குடும்பம் நடத்தி, என் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுவந்தோம். எந்தச் செலவைக் குறைக்க முடியும், எதைக் குறைக்கவே முடியாது என்பது, என் வருமானம் இன்னும் கையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டது. அந்தச் சேமிப்பிலிருந்து இருசக்கர வாகனக் கடனை அடைத்து, அடகில் இருந்த நகையை மீட்டோம். நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தோம். இந்தச் செலவைப் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

மாலையில் சில கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுத்தேன். ஜி.எஸ்.டி. படிவங்களில் ஒன்றுக்கு மாதத்தின் 11-ஆம் தேதியும் மற்றொன்றுக்கு 20-ஆம் தேதியும் கெடு என்பதால், பருவத் தேர்வு அந்த நாள்களில் வந்தால் இரவுகள் மிகக் கடினமாகிவிடும். அதனால் தேர்வு மாதங்களில் புதிய வேலை எதையும் ஏற்பதில்லை என்று முடிவு செய்தேன். அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது தினசரிச் செலவில் நன்றாகத் தெரிந்தது.

படிப்பு முடிந்த பிறகு வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணத்துக்கென்று தனியே ஒரு தொகை வைத்திருந்தேன். சட்டத்தில் சொல்லப்பட்ட 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணமாக வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அது 125 ரூபாய். ஒதுக்கிய தொகையில் மிஞ்சியதைக் கொண்டு சட்டப் புத்தகங்கள் வாங்கினேன்.