கடைசியில் இருந்த அந்த இரண்டெழுத்து

2019 தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, ஈரோட்டு ஜவுளிக்கடை முதலாளி போன் செய்தார். “தம்பி, பில்லு போடப் போட நிக்குதுங்க. வாசல் வரைக்கும் கூட்டம் நிக்குது.” அவர் கடையின் பில்லிங் மென்பொருளைக் கோயம்புத்தூரில் இருந்த எங்கள் சின்ன அலுவலகம்தான் எழுதிக் கொடுத்திருந்தது. காலையில் நன்றாக ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பார்கோடை ஸ்கேன் செய்தால் விலை வர நாலைந்து விநாடி ஆகும்.

இரண்டு நாள் எங்கள் புரோகிராமிலேயே குற்றம் தேடினோம். டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் சேர்த்தோம், மென்பொருளை எழுதியிருந்த பிஎச்பி மொழியின் அமைப்புகளை மாற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மென்பொருள் ஓடும் வாடகை சர்வருக்குள் போய், சிபியு எதற்கு எவ்வளவு போகிறது என்று காட்டும் ‘டாப்’ கட்டளையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிபியு வரியில் எங்கள் மென்பொருளின் பங்கு 12 சதவீதம்தான். ஆனால் அதே வரியின் கடைசியில், யாரும் கவனிக்காத ‘எஸ்டி’ என்ற இடத்தில் 38 என்று இருந்தது.

அந்த இரண்டெழுத்து ‘ஸ்டீல்’ (steal, திருட்டு) என்பதன் சுருக்கம். வி.பி.எஸ். (மெய்நிகர் தனி சர்வர்) என்று நாம் வாடகைக்கு வாங்குவது ஒரு பெரிய இயந்திரத்தில் ஒரு பங்கு. நம் சர்வர் வேலை செய்யத் தயாராக இருந்தும், அடியில் இருக்கும் இயந்திரம் அந்த நேரத்தில் வேறொருவருக்கு சிபியுவைக் கொடுத்துவிட்டால், நாம் காத்திருந்த நேரம் எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் மேல் வீட்டில் தண்ணீர் நூலாக வருமே, அதேதான். நம் குழாயைக் கழற்றிப் பார்த்து என்ன பயன்?

சர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினேன். “எங்கள் பக்கம் எல்லாம் சரியாக உள்ளது” என்று பதில் வந்தது. அன்று இரவே வேறு இடத்துக்கு மாறினோம். அவசரத்தில் தேர்ந்தெடுத்ததுதான், தீபாவளியை ஓட்டிவிட்டோம்.

பண்டிகை முடிந்ததும் நிதானமாக ஒப்பிடலாம் என்று முடிவு செய்தேன். சர்வர் வாடகைக்குக் கொடுக்கும் நான்கு நிறுவனங்களை எடுத்தேன்: டிஜிட்டல்ஓஷனின் பெங்களூரு, லினோடின் மும்பை, அமேசான் லைட்செயிலின் மும்பை, ஹெட்ஸ்னரின் ஜெர்மனி. நான்கிலும் மணிக்கணக்கில் வாடகை உண்டு என்பதால் செலவு பெரிதாக இல்லை. ஒரே மென்பொருள், ஒரே டேட்டாபேஸ் நகல். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்டீல் அளவையும் ஒரு பில் போட ஆகும் நேரத்தையும் குறித்து வைக்க ஒரு ஸ்கிரிப்ட். ஒரு வாரம் ஓடவிட்டேன்.

அட்டவணையில் ரேம் (நினைவகம்) அளவையும் சிபியு கோர்களின் எண்ணிக்கையையும் விலையையும் போட்டு ஒப்பிடுவது எவ்வளவு குறைந்த விஷயத்தைச் சொல்கிறது என்று அந்த வாரம்தான் புரிந்தது. ஒரே நிறுவனத்தில், ஒரே விலையில், ஒரே நாளில் எடுத்த இரண்டு சர்வர்கள்கூட ஒரே மாதிரி ஓடவில்லை. அடியில் எந்த இயந்திரம் வாய்க்கிறது என்பதைப் பொறுத்தது அது. லைட்செயிலில் இன்னொரு கணக்கும் உண்டு. சும்மா இருக்கும்போது சேரும் கிரெடிட் தீரும் வரை சர்வர் முழு வேகத்தில் ஓடும், தீர்ந்ததும் அடிப்படை அளவுக்கு இறங்கிவிடும். எப்போதாவது கூட்டம் வரும் தளத்துக்கு அது நல்ல ஏற்பாடு. நாள் முழுக்க பில் போடும் கடைக்கு முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

விலையில் ஹெட்ஸ்னரை யாரும் நெருங்கவில்லை. ஆனால் எங்கள் இணைப்பிலிருந்து பெங்களூருக்கு பிங் (ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம்) 20 மில்லி விநாடிக்குள் வந்தது, ஜெர்மனிக்கு 150-ஐத் தாண்டியது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அந்தத் தூரம் போய்வர வேண்டும். புது இணைப்பு என்றால், இரு கணினிகளும் பேச்சைத் தொடங்கச் செய்யும் கைகுலுக்கல்களுக்கே இரண்டு மூன்று நடை. பில் போடும் பெண் ஒரு துணியை எடுத்து அடுத்ததற்குக் கை நீட்டும் வேகத்துக்கு அது ஒத்துவராது. அதனால் பில்லிங்கைப் பெங்களூரில் வைத்தோம், இரவில் ஓடும் விற்பனை அறிக்கைகளை ஜெர்மனிக்கு அனுப்பினோம். ராத்திரி இரண்டு மணிக்கு 150 மில்லி விநாடி யாரை என்ன செய்யும்?

பேக்கப்பில் மட்டும் நான் அப்போது சோம்பேறித்தனமாக இருந்துவிட்டேன். சர்வர் இருந்த நிறுவனத்திலேயே பேக்கப்பும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுவதும் எரிந்துபோனது. அந்த வளாகத்திலேயே பேக்கப்பும் வைத்திருந்த சிலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஈரோட்டு முதலாளியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அன்றே பேக்கப்பின் ஒரு நகலை வேறு நிறுவனத்துக்கு, வேறு கணக்குக்கு மாற்றினேன். அதே ஆண்டு அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்து, கார்டில் தானாகப் பணம் எடுப்பது பல வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நின்றுபோனது. எங்களுக்கும் ‘பணம் வரவில்லை’ என்று மெயில் வந்தது. அப்போதிலிருந்து மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டி வைக்கிறோம்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை புது சர்வர் ஒன்றை எடுத்து, பேக்கப்பிலிருந்து முழு மென்பொருளையும் எழுப்பிப் பார்க்கிறோம். கூட வேலை செய்யும் பையன், “அண்ணா, நேத்து கடைசி பில் நம்பர் சரியா இருக்கு” என்று சொன்னதும் அந்த சர்வரை அழித்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.