மூல நிரலிலிருந்து எழுப்பும்போது குறுக்கிடும் உரிமங்கள்

நாகர்கோவிலில் மழை விடாத ஐப்பசி வாரமொன்றில், எவரோ தொகுத்தளித்த பைனரிகளை (கணினி நேரடியாக இயக்கும் கோப்புகளை) நம்பியிராமல், மூல நிரலை அவ்வடிவுக்கு மாற்றும் கம்பைலர் முதலான கருவிகளை, மனிதர் எழுதிய மூல நிரலிலிருந்தே படிப்படியாக எழுப்பத் தொடங்கினேன். 2023-இல் குனூ கீக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம், தொடக்கப் பைனரியாக வெறும் 357 பைட் விதையிலிருந்து முழுக் கருவித்தொகுதியையும் வளர்த்துக் காட்டியதே எனக்குத் தூண்டுதல்.

என் கணினியில் மட்டும் ஓடியவரை உரிமச் சிக்கல் எழவில்லை. தக்கலையில் நண்பர் நடத்தும் பயிற்சி மையத்துக்குப் பிரதி கொடுக்க நினைத்தபோதுதான், அது விநியோகமாகிறது என்பதால், ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் படிக்க நேர்ந்தது. ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பை மட்டுமே ஏற்ற ஒரு பழைய கருவி, கட்டளை வரியில் தட்டச்சிடுவதைத் திருத்த உதவுவதும் 2009 முதல் மூன்றாம் பதிப்பின்கீழ் வருவதுமான ரீட்லைன் நூலகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. இவ்விரு பதிப்புகளின் நிபந்தனைகளும் ஒரே நிரலுக்குள் பொருந்தா. ‘அல்லது பிந்தைய எந்தப் பதிப்பும்’ என்ற சிறு தொடர் அக்கருவியின் உரிமத்தில் இருந்திருந்தால் தடையே இல்லை. அத்தொடரின் அருமையை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். ரீட்லைனுக்குப் பதிலாக, கட்டுப்பாடு குறைந்த பிஎஸ்டி உரிமமுடைய, அதே பணியைச் செய்யும் லிப்எடிட் நூலகத்தை இணைத்துக் கட்டியதும் முரண் தீர்ந்தது.

ஒரு கருவியால் தொகுக்கப்பட்டதாலேயே வெளியீடு அக்கருவியின் உரிமத்துக்கு உட்படுவதில்லை. ஆனால் பாகுபடுத்திகளை (உரையின் இலக்கண அமைப்பைப் பகுக்கும் நிரல்களை) உருவாக்கித்தரும் பைசன் என்ற கருவி, தன் நிரலின் ஒரு பகுதியையே வெளியீட்டில் பதிக்கிறது. அப்பகுதியை ஜிபிஎல் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கும் விதிவிலக்கு 2006-இல் வந்த 2.2 பதிப்பில்தான் எல்லாப் பாகுபடுத்திகளுக்கும் விரிந்தது. எனவே பழைய பைசனைப் பயன்படுத்திய படிகளை மட்டும் புதிய பைசனால் மீண்டும் கட்டி, மூல நிரலையும் உரிமக் கோப்புகளையும் சேர்த்தே தக்கலைக்குக் கொண்டுசென்றேன்.